ஒரு நிமிடம் கழித்து எண்ணிய நாடி

மல்லசமுத்திரத்தில் உரக்கடையை ஒட்டிய சின்னக் கட்டடத்தில் கலைமணி பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்தாள். ஆத்தூரில் பிறந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். மூட்டு வலி, தோள் பிடிப்பு, பக்கவாதத்தில் விழுந்துபோன கை என்று தினமும் பதினைந்து இருபது பேர் வருவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள், திருச்செங்கோடு ரோட்டில் இருக்கும் ஒரு போர்வெல் கம்பெனியின் மேனேஜர் சரவணமுத்து அவளைத் தேடி வந்தார்.

கம்பெனியின் துளை போடும் ரிக் வண்டிகள் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போனால் திரும்பி வர ஆறு மாதம், எட்டு மாதம் ஆகும். முந்தைய வருடம் அங்கே ஒரு காட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஆள் மயங்கி விழுந்து, பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாமல் இறந்துபோயிருந்தார். அதற்குப் பிறகு, வண்டி கிளம்புவதற்கு முன்னால் எல்லா ஆட்களுக்கும் உடம்பைப் பார்த்துவிட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க மேடம். இவன் தாங்குவானா மாட்டானான்னு தெரிஞ்சாப் போதும்" என்றார் சரவணமுத்து.

கலைமணிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கம்பெனி ஷெட்டில் ஒரு அடி உயரத்துக்கு ஒரு பலகைப் பெட்டி செய்து வைத்துக்கொண்டாள். வருகிறவரைப் பத்து நிமிடம் சும்மா உட்கார வைத்து முதலில் நாடி பார்ப்பாள். பிறகு ஃபோனில் டக் டக்கென்று தாளம் ஓடவிடுவாள். அந்தத் தாளம் தப்பாமல் மூன்று நிமிடம் பெட்டியில் ஏறி இறங்க வேண்டும். முடித்து உட்கார்ந்ததும் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுவாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுவாள். உழைத்துப் பழகிய இருதயம் குறைவாகவே எகிறும், சீக்கிரம் அடங்கும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். உடம்பு எவ்வளவு பிராணவாயுவை உள்ளே வாங்கிக் காலுக்கு அனுப்புகிறது என்று துல்லியமாக அளப்பதற்கு முகத்தில் மூடி மாட்டி ஓடவிடும் எந்திரங்கள் பெரிய ஊர்களில் உண்டு. பெட்டியும் விரலும் சொல்வது உத்தேசக் கணக்குதான். ஆனாலும் கவனமாகச் செய்தால் பொய் சொல்லாத கணக்கு என்று அவள் நம்பினாள்.

மாதையன் பெட்டியில் ஏறியது பிப்ரவரி மாதம். நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாக ரிக்கில் இருப்பவர், டிரில்லர். துளைக்கும் கம்பி இறங்கும் சத்தத்தை வைத்தே அடியில் பாறையா, மண்ணா, ஈரமா என்று சொல்லிவிடுவார் என்று கம்பெனியில் பேசிக்கொள்வார்கள். மெலிந்த ஆள், தொப்பை கிடையாது, பீடி கிடையாது. பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மூன்று நிமிடம் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கலைமணி எண்ணி முடித்து நிமிர்ந்தாள்.

"என்னங்க டாக்டரம்மா, பாசா பெயிலா?"

"நிறுத்துனதும் நூத்தி அறுபத்திநாலு அண்ணா. ஒரு நிமிஷம் கழிச்சும் நூத்தி அம்பத்தாறு. எட்டுதான் எறங்கியிருக்கு. பன்னண்டாவது எறங்கணும். நல்ல ஒடம்புன்னா இருபதுக்கு மேல எறங்கும்."

"வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்தேனுங்க. அதனால இருக்கும்."

"பத்து நிமிஷம் உக்கார வெச்சுத்தானே ஆரம்பிச்சேன். சும்மா உக்காந்திருக்கும்போதே எம்பத்தெட்டு இருந்துச்சு. நெஞ்சுல ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

அவள் படிவத்தில் எழுதினாள். 'தற்போது சாப்பிடும் மாத்திரைகள்' என்ற கட்டத்தில், கேட்டுக்கொண்டு, 'இல்லை' என்று போட்டாள். கடைசிக் கட்டத்தில் 'இப்போது அனுப்ப வேண்டாம்' என்று எழுதி, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு இருதய டாக்டரைப் பார்க்கும்படி தனிச்சீட்டு கொடுத்தாள். வண்டி கிளம்ப இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது.

மாதையன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பசங்கல்லாம் வண்டியேறிப் போறப்ப நான் மட்டும் ஷெட்டுல கிரீஸ் தடவிட்டு உக்காந்திருக்கறதுங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருடைய இடத்துக்கு அறிவழகன் என்ற இளைஞனைச் சரவணமுத்து ஏற்கனவே யோசித்து வைத்திருந்தது கலைமணிக்கு அப்போது தெரியாது.

மாதையனின் மனைவி மாரக்காள் அந்தச் சமயத்தில் முழங்கால் வலிக்காகக் கலைமணியின் கிளினிக்குக்கு வாரம் இரண்டு தடவை வந்துகொண்டிருந்தாள். மாதையன்தான் மொபெட்டில் கூட்டி வருவார். தன்னைவிடப் பத்து வயது சின்னவளான கலைமணியை அவள் 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் மாரக்காளை வாசல்படியில் பத்துத் தடவை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, பழக்கத்தில் நாடியையும் பிடித்துப் பார்த்தாள் கலைமணி.

"எப்படிச் சாமி இருக்குது?"

"எழுபதுதான். ஆனா உங்களுக்கு இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. பிரஷருக்குக் குடுத்திருக்காங்களே, அந்த மாத்திரை இருதயத்தை வேகமா அடிக்க விடாது. மலையே ஏறுனாலும் நாடி பெருசா ஏறாது. உங்களுக்கு மூச்சு எப்படி வாங்குதுன்னுதான் பாக்கணும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதையன் கேட்டார். "யாரு சாப்பிட்டாலும் அப்படித்தானுங்களா?"

"யாரு சாப்பிட்டாலும் அப்படித்தாண்ணா" என்றாள் கலைமணி. அடுத்த நோயாளி வாசலில் வந்து நின்றிருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, வண்டி கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, விட்டுப்போன ஆட்களைப் பார்க்கக் கலைமணி மறுபடி ஷெட்டுக்குப் போனாள். பதினோரு பேர் வரிசையில் இருந்தார்கள். ஒன்பதாவது ஆளாக மாதையன் நின்றார்.

"அஸ்தம்பட்டி போனீங்களாண்ணா?"

"போகலீங்க. தினமும் வெடியால ஏரிக்கரையில நடந்தேனுங்க. ஒரு மணி நேரம். இன்னொருக்கா பாத்துருங்க. இதுலயும் வரலீன்னா நானே நின்னுக்கறேன்."

பத்து நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. எண்ணிக்கை தவறிவிட்டதோ என்று மறுபடி எண்ணினாள். ஐம்பத்தெட்டுதான். பெட்டியில் ஏறச் சொன்னாள். மூன்று நிமிடமும் தாளம் தப்பாமல் ஏறி இறங்கினார். உட்கார்ந்ததும் நூற்றுப் பன்னிரண்டு. ஒரு நிமிடம் கழித்து எண்பத்தெட்டு. இருபத்துநான்கு இறங்கியிருந்தது. வயதுவாரி அட்டவணையில் பார்த்தால் 'மிக நன்று' என்ற வரிசையில் வந்தது.

கலைமணிக்கு மனசு நிறைந்துவிட்டது. தன்னுடைய ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் மூன்று வாரம் விடிகாலையில் எழுந்து நடந்திருக்கிறார். "பாத்தீங்களாண்ணா, நடந்தா எவ்வளவு மாறுதுன்னு" என்று வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

மாதையன் தலையை மட்டும் ஆட்டினார். மேலுதட்டில் வியர்வை துளித்துளியாக நின்றது. முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்திருந்தார். "நல்லதுங்க" என்று சொல்வதற்கே இரண்டு மூச்சு எடுத்தது.

அதையெல்லாம் அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பின்னால் ஒருபோதும் அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. மூன்று வாரம் நடந்தால் சும்மா இருக்கும்போது அடிக்கிற நாடி நாலைந்து குறையும். முப்பது குறையாது. பாடத்தில் படித்திருந்தாள், இத்தனை வருடத்தில் கண்ணாலும் பார்த்திருந்தாள். ஒரு கணம் ஏதோ இடறியது. ஆனால் கையிலிருந்த எண் நன்றாக இருந்தது. சரவணமுத்து வேறு, "இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க மேடம், லோடு ஏத்தோணும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். புதுப் படிவத்தில் பெயர், வயது, உயரம், எடை எல்லாவற்றையும் பழைய படிவத்தைப் பார்த்தே நிரப்பினாள். மாத்திரைக் கட்டத்திலும் பழையதைப் பார்த்து 'இல்லை' என்று எழுதினாள். கேட்கவில்லை. கடைசியில் 'அனுப்பலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரல் கடைசியில் சரவணமுத்து ஃபோன் செய்தார். ராய்ப்பூருக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமத்தில், மத்தியான வெயிலில் கம்பி மாற்றிக்கொண்டிருந்தபோது மாதையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அறிவழகன் அவரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான். அடைப்பை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நேரமாகிவிட்டதால் இருதயத்தின் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது.

"நீங்க பாத்துத்தானே அனுப்புனீங்க. அதுக்கு மேல யாரு என்ன பண்றது? விதிதானுங்க" என்றார் சரவணமுத்து. ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஜூன் மாதம் மாதையன் கிளினிக்குக்கு வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நடக்கப் பழக்கும்படி சேலம் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மாரக்காளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தொங்கியது. மாரக்காள் அவரை உட்கார வைத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போனாள்.

கலைமணி ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டினாள். கடைசியில் மாத்திரைகளின் பட்டியல் இருந்தது. மூன்றாவது மாத்திரையின் பெயர் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மாரக்காள் சாப்பிடுகிற அதே மாத்திரை.

"அண்ணா, இனிமே உங்களுக்கு நாடியை வெச்சுப் பாக்க முடியாது. இந்த மாத்திரை சாப்பிட்டா…"

"தெரியுமுங்க" என்றார் மாதையன்.

அவள் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க இங்கதான் சொன்னீங்க, யாரு சாப்பிட்டாலும் நாடி ஏறாதுன்னு. டெஸ்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் பொழுதோட ஒண்ணு போட்டேனுங்க. அன்னைக்கு வெடியால ஒண்ணு. அவ டப்பாவுல இருந்துதான் எடுத்தேன்."

"அப்ப ஏரிக்கரையில நடந்தது?"

"ரெண்டு நாள் நடந்தேனுங்க. மூணாம் நாள் பாதி தூரத்துலயே நெஞ்சை அடைச்சுது. நின்னுட்டேன்."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொன்னா அனுப்ப மாட்டீங்களே."

உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கலைமணி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீங்க கேப்பீங்கன்னு பயந்துட்டே உக்காந்திருந்தேனுங்க" என்றார் மாதையன். "மொத தடவ கேட்டீங்கல்ல, மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களான்னு. நடந்தேன்னு சொன்னதோட சரி, அதுக்கு மேல உங்க மூஞ்சியப் பாத்து பொய் சொல்ல வராதுங்க எனக்கு. கேட்டா சொல்லிருவேன்னுதான் நெனச்சேன். நீங்க கேக்கலீங்க."

கலைமணி ஆஸ்பத்திரிக் காகிதங்களை அடுக்கி அவரிடம் நீட்டினாள்.

"அவகிட்ட மட்டும் சொல்லீராதீங்க டாக்டரம்மா. அவ மாத்திரைதான்னு தெரிஞ்சா, தான்தான் குடுத்த மாதிரி நெனச்சு நெனச்சே ஒடஞ்சு போயிருவா."

சொல்வதில்லை என்று கலைமணி ஒப்புக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் படிவங்களின் நகல்களை எடுத்துப் பார்த்தாள். இரண்டு படிவங்களிலும் 'இல்லை' என்றே இருந்தது. ஒன்று கேட்டு எழுதியது, இன்னொன்று பார்த்து எழுதியது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. மறுநாள் சரவணமுத்துவிடம் போய், டெஸ்டை முறையாகச் செய்யவில்லை, தவறு தன்னுடையது, மற்ற ஆட்களையும் ஊர் திரும்பியதும் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொன்னாள்.

"அதையெல்லாம் எதுக்குங்க மேடம் கிளறிட்டு? ஆளுதான் பொழச்சுட்டாருல்ல" என்றார் அவர்.

அவள் விடவில்லை. முதலாளிக்கே கடிதம் எழுதிக் கொடுத்தாள். யார் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்காமல் இனி யாரையும் பெட்டியில் ஏற்றக் கூடாது, எண் நன்றாக இருந்தாலும் ஆள் மூச்சு வாங்கினால் அனுப்பக் கூடாது என்று அதில் எழுதியிருந்தாள். இரண்டு வாரம் கழித்து, இனி அவள் வர வேண்டியதில்லை என்று சரவணமுத்து ஃபோனில் தெரிவித்தார். வேறு ஆளை ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். பலகைப் பெட்டியை ஒரு டெம்போவில் ஏற்றி அவளுக்கே அனுப்பி வைத்தார்கள்.

மாதையன் வாரம் மூன்று தடவை வந்தார். உரக்கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் முப்பது மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சுண்ணாம்புக்கோடு போட்டு, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று கலைமணி அளந்தாள். முதல் தடவை நூற்று எண்பது மீட்டர். நடுவில் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாடி எதையும் சொல்லாது என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் அவரையே கேட்டாள்.

"எப்படி இருக்குண்ணா? பேச முடியுதா?"

"முடியுதுங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தானுங்க" என்பார். கொஞ்சம் நடந்துவிட்டு, "இல்லீங்க, நிக்கலாமுங்க" என்பார்.

ஆகஸ்டில் ஒரு நாள், அவர் உள்ளே படுத்திருக்கும்போது, மாரக்காள் ஒரு பை நிறைய முருங்கைக்காயைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். மாதையன் இப்போது இருநூற்றைம்பது மீட்டர் வரைக்கும் நடக்கிறார் என்று கலைமணி சொன்னாள். மாரக்காளின் முகம் மலர்ந்தது. அப்புறம் எதையோ யோசித்தவள் மாதிரிச் சொன்னாள்.

"நீங்க பாத்து நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்தீங்களே, அந்தத் தெம்புலதான் சாமி நான் அனுப்பி வெச்சேன். இல்லீன்னா வண்டிக்குக் குறுக்க படுத்தாச்சும் நிறுத்தியிருப்பேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல். அதைத்தான் கலைமணியால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் அன்னைக்குச் சரியாப் பாக்கல."

"என்ன சாமி சொல்றீங்க?"

"அவரு மூஞ்சி சரியில்ல. மூச்சும் சரியில்ல. எனக்குத் தெரிஞ்சுது. ஆனா நாடிக் கணக்கு நல்லா இருந்துச்சுன்னு விட்டுட்டேன். ஒரு கேள்வி கேக்கணும். எல்லாரையும் கேக்கணும். அதைக் கேக்காமலேயே எழுதிட்டேன். கேட்டிருந்தா அவரை அனுப்பியிருக்க மாட்டேன்."

மாரக்காள் அவளையே பார்த்தாள். என்ன கேள்வி என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று கலைமணி பயந்துகொண்டிருந்தாள்.

"அதைக் கேக்கறதுக்கு எத்தனை நேரமுங்க ஆகும்?"

"அரை நிமிஷம்."

மாரக்காள் பையிலிருந்து முருங்கைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். காலிப் பையை நீவி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவரு எந்திரிச்சதும் ஆட்டோவுல ஏத்தி உட்டுருங்க. நான் பஸ்ல போயிக்கறேன். வாரேனுங்க, டாக்டரம்மா."

அதற்குப் பிறகு அவள் கிளினிக்குப் பக்கம் வரவில்லை. முழங்காலுக்கு ராசிபுரத்தில் யாரையோ பார்ப்பதாக மாதையன் சொன்னார். அவர் மட்டும் தனியாக ஆட்டோவில் வந்தார்.

"எல்லாத்தையும் உங்க மேலயே போட்டுட்டாளுங்க" என்றார் ஒரு நாள். "நானும் சொல்லீரலாம்னு வாயெடுப்பேன். அவ மாத்திரை டப்பாவத் தொறக்கறதப் பாத்தா வார்த்தையே வராதுங்க."

"சொல்ல வேண்டாம்ணா" என்றாள் கலைமணி. உண்மையில் அவர் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் விரும்பியிருக்கிறாள். மாரக்காள் ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்து, பழையபடி பேசிவிட மாட்டாளா என்று நினைத்திருக்கிறாள். ஆனால் அவர் சொன்னாலும் அந்த அரை நிமிடம் தன்னுடையதுதான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பொங்கல் முடிந்து அடுத்த பயணத்துக்குக் கம்பெனி ஆட்கள் தயாரானார்கள். மாதையனுக்கு ஷெட்டில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்திருந்தது. புதிதாக வந்த ஆள் டெஸ்ட் எடுத்ததை அவர் பார்த்திருந்தார்.

"பெட்டியெல்லாம் இல்லீங்க. விரல்ல ஒரு கிளிப்ப மாட்டி நாடி பாத்தாரு. அரை மணி நேரத்துல இருபத்தெட்டுப் பேரு முடிஞ்சுதுங்க. கருப்பண்ணன்னு ஒருத்தன், நாலு கூடை சாமான் ஏத்தறதுக்குள்ள ரெண்டு தடவ உக்காந்தான். அவனுக்கும் சரின்னு எழுதிட்டாரு."

"நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"அவன்கிட்ட சொன்னேனுங்க, சேலம் போயி பாத்துட்டு வாடான்னு. சிரிச்சுட்டுப் போயிட்டான்."

கலைமணி அன்றைக்கே சரவணமுத்துவுக்கு ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை. மறுநாளும் செய்தாள். மூன்றாம் நாள் வண்டி கிளம்பிவிட்டது.

அந்த வாரம் மாதையன் ஆறு நிமிடத்தில் முந்நூற்றுப் பத்து மீட்டர் நடந்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. நேரம் முடிந்ததும் அங்கேயே நின்று, சுவரில் சாய்ந்துகொண்டு, அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல ஏறுங்களா?"

ஏறும் என்று சொல்லலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஏறலாம்ணா. ஆனா பழைய மாதிரி வராது."

"ரிக்குல ஏற முடியாதுங்களா?"

"முடியாதுண்ணா."

மாதையன் சுவரிலிருந்து நிமிர்ந்து நின்றார். பிறகு சரி என்பது போல் தலையசைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் மெதுவாக நடந்து போனார்.